பிரிட்டிஷ் திரையில் உழைப்பவரின் குரல்

(திரைப்பட வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிரிட்டிஷ் சினிமா என்றதும் பிரபுக்களின் மாளிகைகளும் உளவாளிகளுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றை இன்று விட்டுவிடுகிறேன். உழைக்கும் மனிதரை அந்தத் திரை எவ்வாறு பேச வைத்தது என்பதே என் கேள்வி.

1935இல் ஆர்தர் எல்ட்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்னும் ஆவணப்படத்தை எடுத்தனர். கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி பகுதிக் குடிசைவாசிகள் கேமராவை நேரே நோக்கி, எலிகளையும் பூச்சிகளையும் பற்றித் தமது சொந்த வழக்கிலேயே பேசினர். அது அன்று புதுமை. படத்திற்குப் பணம் தந்ததோ எரிவாயு நிறுவனங்களின் சங்கம். புதிய குடியிருப்புகள் எழுந்தால் எரிவாயு அடுப்புகள் விற்கும் அல்லவா? ஆகவே எலி பேசப்படுகிறது; நில உடைமை பேசப்படுவதில்லை. எனினும் அந்தப் பெண்களின் குரலை அப்பணத்தால் முழுவதுமாக வாங்க இயலவில்லை என்றே கருதுகிறேன்.

நகைச்சுவைப் படங்களை நம் தோழர்கள் பொருட்படுத்துவதில்லை. அது தவறு. ஈலிங் ஸ்டுடியோவின் 'தி மேன் இன் தி ஒயிட் சூட்' 1951இல் வந்தது. அழுக்குப் படாத, கிழியாத துணியை ஒரு வேதியியலாளன் கண்டுபிடிக்கிறான். ஆலை முதலாளிகள் அலறுகின்றனர். வேலை பறிபோகும் என்று தொழிலாளர்களும் எதிர்க்கின்றனர். சலவைத் தொழிலால் வயிறு கழுவும் மூதாட்டி ஒருவர், தன் பிழைப்பு என்னாவது என்று அவனிடம் கேட்கிறார். இயந்திரமும் உற்பத்தி உறவும் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் இப்படத்திலிருந்தே தொடங்கலாம்.

1959இல் வந்த 'ஐயாம் ஆல் ரைட் ஜாக்' நம்மை உறுத்தும் படம். வேலைநிறுத்தத்தைத் தூண்டிவிட்டு லாபம் பார்க்கச் சதி செய்வோர் முதலாளிகளே. ஆனால் மக்கள் மனத்தில் நின்றவர் பீட்டர் செல்லர்ஸ் நடித்த தொழிற்சங்கத் தலைவர் ஃபிரெட் கைட். சோவியத் நாட்டைக் கனவு காண்பவர், விதிமுறை மொழியிலேயே பேசுபவர். அவதூறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. கைட்டின் மொழி அவருடைய தொழிலாளர்களின் மொழியன்று என்ற உண்மையில்தான் அந்தக் கேலி வேர்விடுகிறது. தீர்மானங்களை மொழிபெயர்த்தே தலை நரைத்த எனக்கு அந்தச் சிரிப்பு சற்றே வலிக்கிறது.

கென் லோச்சின் 'கெஸ்' (1969) இதற்கு நேர் எதிரானது. பார்ன்ஸ்லி என்னும் சுரங்க ஊரில், ஒரு வல்லூறைப் பழக்கும் சிறுவனின் கதை. ஊர்ப் பையன்களே அவ்வூர் வழக்கில் பேசினர். வெளியூரார்க்குப் புரியாதென்று சில பகுதிகள் மறுபடி ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அதை நூல்தமிழில் எழுத்தாக்கினால் படம் செத்துவிடும்.

அதே லோச், 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பாடல்களையும் கவிதைகளையும் தொகுத்து ஒரு படம் எடுத்தார். எடுக்கச் சொன்ன தொலைக்காட்சி நிறுவனமே ஒளிபரப்ப மறுத்தது; பின்னர் சேனல் 4 காட்டியது. வேலைநிறுத்தம் தோற்றது, சுரங்கங்கள் மூடப்பட்டன.

2016இல் கான் விழாவின் உயர்ந்த விருதைப் பெற்ற 'ஐ, டேனியல் பிளேக்' படத்தில், இதயநோயுற்ற தச்சர் ஒருவர் உதவித்தொகைக்காக அலைகிறார். அலுவலகச் சுவரில் தன் பெயரை எழுதி, மேல்முறையீட்டுக்குத் தேதி கேட்கிறார். தெருவில் போவோர் கைதட்டுகின்றனர். அவருக்குப் பின்னே எந்தச் சங்கமும் நிற்பதில்லை. கைட்டின் தொழிற்சாலைக்கும் இந்தச் சுவருக்கும் இடையிலான ஐம்பத்தேழு ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை, படம் முடிந்தபின் நாம் விவாதிப்போம்.