ஒரு பெல்ட்டின் விலை



வெளிநாட்டில் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலர், "சார், பழைய போர்ஷே 944 ஒண்ணு, 911-ஐ விடச் சல்லிசா வருது, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

1982 முதல் 1991 வரை ஜெர்மனியில் தயாரான கார். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். எடை இரு பக்கமும் ஏறக்குறைய சமம் என்பதால் ஓட்ட சுகமான வண்டி. செலவு வேறு இடத்தில் ஒளிஞ்சிருக்கு.

கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது ஒரு ரப்பர் டைமிங் பெல்ட். அது அறுந்தால் சில வால்வுகள் திறந்தபடியே நின்றுவிடும். மேலே வரும் பிஸ்டன் இடித்து அவை வளைந்துவிடும். அப்புறம் ஹெட்டைக் கழற்றியே ஆகணும். அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் இறுகினால் பெல்ட்டும் போச்சு! எனவே டைமிங் பெல்ட், பாலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், ரோலர்கள், பம்ப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவதே சிக்கனம். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பருக்கு வயசாகும். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

கிளட்ச் மாற்றவோ சைலன்ஸர் குழாய், கியர்பாக்ஸ், டார்க் டியூப் எல்லாவற்றையும் கழற்றினால்தான் கை எட்டும். கூலியே கணிசமாகும்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? முதலில் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு எஞ்சினை வரையும்போது, அதைக் கழற்றப் போகிறவனையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.