இரத்தத்தில் கிருமியும் தலையெழுத்தும்

(சுகாதார விளக்கக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இரத்தத்தில் கிருமி பாய்வதால் வரும் ஆபத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் வைத்தியனல்ல. ஆகையால் நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். படித்த வைத்தியரைக் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே தெருவில் இருவருக்குக் காலில் முள் குத்திப் புண்ணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் இரத்தத்திலும் ஒரே ஜாதிக் கிருமி நுழைகிறது. ஒருவர் பத்து நாளில் எழுந்து நடமாடுகிறார். மற்றவர் மூன்றாம் நாள் சாகிறார். ஏன் என்று கேட்டால், "அவனுக்கு ஆயுசு கெட்டி, இவனுக்கு எழுதினது அவ்வளவுதான்" என்கிறார்கள். எழுதியவன் யார், அதைப் படித்துப் பார்த்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த மயக்கம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்திற்கு இரண்டு பகுதிகள் இருந்தன. 1846-ல் முதல் பகுதியில் 100 தாய்மார்களுக்கு 11 பேர் பிரசவ ஜன்னியால் மாண்டார்கள்; இரண்டாவது பகுதியில் 3 பேர்கூட இல்லை. முதல் பகுதியில் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் அழுது மன்றாடினார்கள். காற்றின் தோஷம், வானத்தின் தோஷம் என்று பெரிய வைத்தியர்களே சொன்னார்கள். சாகப்போகிறவர்களுக்குச் சடங்கு செய்யவரும் பாதிரியார் முதல் பகுதியின் வழியாக மணியடித்துக்கொண்டு போவார். அந்த மணியோசையின் பயந்தான் கொல்லுகிறதோ என்று செம்மல்வைஸ் என்ற வைத்தியர் சந்தேகித்து, பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாக வரச்சொன்னார். சாவு குறையவில்லை.

1847-ல் அவருடைய நண்பரான கோலெச்கா என்ற பேராசிரியர், பிணமறுக்கும்போது கத்தி கீறியதால் இறந்தார். அவருடைய உடலைச் சோதித்ததில், ஜன்னியால் இறந்த தாய்மார்களிடம் கண்ட அதே கேடுகள் தென்பட்டன. செம்மல்வைசுக்கு உண்மை விளங்கிற்று. முதல் பகுதியில் வேலை செய்த மாணவர்கள் பிணமறுத்த கையோடு பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவது பகுதியில் வேலை செய்த மருத்துவச்சிகளுக்குப் பிணமறுக்கும் வேலையில்லை. குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். 1848-ல் முதல் பகுதியின் சாவு 100-க்கு ஒன்றேகாலாக இறங்கிற்று. தலையெழுத்து சுண்ணாம்பு நீரில் அழிந்துபோகுமா, தோழர்களே?

நிற்க. கிருமி எப்படி உள்ளே வந்தது என்பது இதனால் தெரிந்தது. வந்தபின் ஒருவர் பிழைப்பதும் ஒருவர் சாவதும் எதனால்?

நம் உடம்புக்குள் ஒரு காவற்படை இருக்கிறது. கிருமி வந்ததும் வெள்ளையணுக்கள் அதைப் பிடித்து விழுங்குகின்றன. சைட்டோகைன் என்ற பொருள்களை வெளியிட்டு மற்ற அணுக்களையும் கூப்பிடுகின்றன. காய்ச்சல் வருவது இதனால்தான். அளவோடு நடந்தால் கிருமி ஒழிகிறது, ஆள் பிழைக்கிறார். ஆனால் திருடனைப் பிடிக்க வந்த போலீசார் தெருவையே கொளுத்தினால் என்ன ஆகும்? உடம்பு அளவு மீறிப் போராடும்போது இரத்தக் குழாய்கள் கசிகின்றன. இரத்த அழுத்தம் விழுகிறது. நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைகிறது. சிறுநீரகம், நுரையீரல், மூளை ஒவ்வொன்றாய்த் தளர்கின்றன. இதையே செப்சிஸ் என்கிறார்கள். கிருமிக்கு எதிராக உடம்பே முறைதவறிப் போராடுவதால் உறுப்புகள் கெடுவதுதான் செப்சிஸ் என்று 2016-ல் வைத்திய நிபுணர்கள் கூடி வரையறுத்தார்கள்.

அப்படியானால் அந்தப் படையை அடக்கிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். 1990-க்குப் பிந்திய வருஷங்களில் அதற்கான மருந்துகளைப் பெரிய அளவில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. காரணம், எல்லோருடைய படையும் ஒரே விதமாய் இல்லை. ஒருவருக்கு அது மிஞ்சுகிறது. இன்னொருவருக்கு ஓய்ந்து விழுந்து, வேறு கிருமிக்கும் கதவு திறந்துவிடுகிறது. ஒரே ஆளிடம் இரண்டும் நடப்பதுண்டு. பச்சிளங் குழந்தை, கிழவர், பிரசவித்த தாய், சர்க்கரை வியாதிக்காரர் ஆகியோருக்கு அபாயம் அதிகம். 2017-ல் மாத்திரம் உலகத்தில் 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸினால் மாண்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. அதுதான் நேரம். கிருமியால் இரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளிகளைப் பற்றி அமெரிக்கா, கனடா நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கொன்று 2006-ல் வெளியாயிற்று. அழுத்தம் விழுந்த முதல் ஒரு மணிக்குள் சரியான கிருமிக்கொல்லி மருந்து பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 80 பேர் பிழைத்தார்கள். அதன்பின் முதல் ஆறு மணி வரையில், தாமதித்த ஒவ்வொரு மணிக்கும் பிழைப்பவர் தொகை சராசரி 100-க்கு 7.6 வீதம் குறைந்தது.

இப்போது நம் வீட்டு வழக்கத்தைப் பாருங்கள். ஜன்னி கண்டவளுக்கு வண்டி பூட்டப் போனால், "ராகுகாலம் கழியட்டும்" என்கிறார் பெரியவர். ராகுகாலம் ஒன்றரை மணி. நான் சொன்ன கணக்கின்படி, அந்த நிலையிலுள்ள 100 பேரில் பத்துப் பேருக்கு மேல் அந்த ஒன்றரை மணி கொன்றுவிடும். பிறகு மந்திரிப்பதற்கு ஒரு மணி. குறி கேட்க ஒரு மணி. கடைசியில், "விதி முடிந்தது" என்கிறோம். முடித்தது விதியா, நாமா?

ஆகவே தோழர்களே, காய்ச்சலோடாவது, உடம்பு சில்லிட்டாவது, மூச்சு இரைத்து, புத்தி தடுமாறி, சிறுநீர் குறைந்து, தோல் திட்டுத்திட்டாய் நிறம் மாறினால், குழந்தை பால் குடியாமல் துவண்டு கிடந்தால், பஞ்சாங்கத்தைப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "இது செப்சிஸாக இருக்குமா?" என்று வைத்தியரை வாய்திறந்து கேளுங்கள். மருந்தை வைத்தியர் சொன்ன நாள்வரை கொடுங்கள். பிரசவம் பார்க்கிறவர் யாராயிருந்தாலும், "கை கழுவினாயா அம்மா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லாமல்தான் வியன்னாவில் அத்தனை தாய்மார்கள் மாண்டார்கள்.