முதுசக் காணியும் ஆறு வாரத் தவணையும்



பாட்டனாரின் காணியைத் தேடுவோர் பெரும்பாலும் அவரது பெயரையும் ஊரையும் மட்டுமே கொண்டு புறப்படுகின்றனர். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அவை போதா. அங்குள்ள ஏடுகள் ஆளின் பெயரால் அன்றிக் காணியின் விவரத்தால் ஒழுங்குசெய்யப்பட்டவை. காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை, நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றில் கிடைப்பவற்றை முதலில் திரட்டுங்கள். மூல உறுதி போரில் அழிந்திருப்பினும் தேடலைக் கைவிட வேண்டாம். நொத்தாரிசு தாம் அத்தாட்சிப்படுத்தும் ஒவ்வோர் உறுதியின் இணைப்பிரதியையும் பதிவகத்திற்கு அனுப்பக் கடமைப்பட்டவர். அது எஞ்சியிருப்பின் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். அயற்காணிக்காரரின் உறுதியையும் கேட்டுப் பாருங்கள். அதன் எல்லை விவரத்தில் உங்கள் பாட்டனாரின் பெயர் இருக்கக்கூடும்.

காணி வந்த வழியையும் குறித்துக்கொள்ளுங்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் திருத்தம் பெற்று இன்றும் நடைமுறையில் உள்ளது. முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்பதைப் பொறுத்தே அங்கு பங்கு அமையும். வெளிநாட்டில் நிலைத்துவிட்டவருக்குத் தேசவழமை பொருந்துமா என்பது தனி வழக்கு. அதனை அங்குள்ள நீதிமன்றமே தீர்மானிக்கும்.

இங்கோ பார்வை வேறு. 17.08.2015 முதல் நிகழ்ந்த மரணங்களில், இறந்தவர் வழமையாக வாழ்ந்த நாட்டின் சட்டமே அவரது முழுச் சொத்திற்கும் உரியது என்கிறது ஐரோப்பிய ஒழுங்குவிதி. எர்லாங்கனில் வாழ்ந்து மறைந்தவரின் சாவகச்சேரிக் காணியையும் இங்குள்ள நீதிமன்றம் ஜேர்மன் சட்டத்தின் வழியே நோக்கும். இலங்கை நீதிமன்றமோ தன் மண்ணிலுள்ள காணிக்குத் தன் சட்டத்தையே பயன்படுத்தும். ஆதலால், எர்ப்ஷைன் எனப்படும் வாரிசுச் சான்றிதழை மட்டும் காட்டி அங்கு காணியை மாற்றிக்கொள்ள இயலாது. இலங்கைக் குடியுரிமை உடையவர், தமது சொத்திற்கு இலங்கைச் சட்டமே பொருந்த வேண்டுமென மரணசாசனத்தில் எழுதிவைக்கலாம்.

அனைத்திலும் அவசரமானது கடன். ஜேர்மன் சட்டப்படி வாரிசு சொத்தோடு கடனையும் ஏற்கிறார். வேண்டாமெனின், தாம் வாரிசானதை அறிந்த நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் நாஹ்லாஸ்கெரிஷ்ட் என்னும் நீதிமன்றப் பிரிவில் நேரிலோ, நோட்டார் வழியாகவோ மறுப்புத் தெரிவிக்க வேண்டும். சாதாரணக் கடிதம் செல்லாது. வாரிசு அவ்வேளை வெளிநாட்டில் தங்கியிருந்தால் தவணை ஆறு மாதம். கடனை மட்டும் மறுத்துக் காணியை வைத்துக்கொள்ளவும் இச்சட்டம் இடந்தராது. இங்கே வங்கிக் கடன், அங்கே மதிப்புத் தெரியாத காணி என்றிருக்கும் குடும்பம் ஆறு வாரத்தில் முடிவெடுக்க நேர்கிறது. யாழ்ப்பாணத்து ஏடுகளை அதற்குள் தேடி முடித்தல் அரிது. தாய் தந்தையர் இருக்கும்போதே உறுதி இலக்கங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாவைப் பற்றிப் பேசுவதாக அவர்கள் நினைப்பார்களோ என்று தயங்குவது நம் வழக்கம். காணியைப் பற்றிக் கேட்டால் எந்த அப்பாவும் மகிழ்ந்தே பேசுவார்.

மறுப்புத் தெரிவித்தவரின் பங்கு அடுத்து அவருடைய பிள்ளைகளைச் சேரும். ஆகவே பராயமடையாத பிள்ளைகளுக்காகவும் பெற்றோர் தவணைக்குள் மறுப்புத் தெரிவித்தல் வேண்டும்.