வழி கேட்கும் மொழி



கோலார் தங்கவயலில் வாழும் தமிழர்க்கு அயல்மொழியில் வழி கேட்கவேண்டிய தேவை நெடுங்காலம் எழவில்லை. 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கப் பணியில் இறங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாய் மக்கள் சென்று குடியேறினர். சுரங்கத்திலும் கடைத்தெருவிலும் கோயில் வாயிலிலும் தமிழே ஒலித்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றிலிருந்து பலருடைய பிழைப்பு பெங்களூருக்கு மாறிற்று. 1894இல் சுரங்கத்திற்கென இடப்பட்ட மாரிக்குப்பம் – பங்காருபேட்டை ரயில்பாதை, இன்று விடியுமுன்னே வேலைக்குச் செல்வோரைச் சுமந்து செல்கின்றது.

ரயிலில் இருக்கும்வரை கவலையில்லை, சுற்றிலும் நம்மவரே. ஒயிட்பீல்டிலோ கண்டோன்மெண்டிலோ இறங்கிப் பஸ் ஏறும்போதுதான் நாவு தடுமாறுகிறது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், வழி கேட்பதற்கு நாணி, இரண்டு கல் தொலைவு நடந்தே செல்வதுண்டு. அந்த நாணத்திற்குக் காரணமே இல்லை என்பதுதான் என் கட்சி.

கன்னடம் நமக்குத் தொலைவான மொழியன்று. நம் சொல்லின் முதலில் வரும் பகரம் அங்கே பெரும்பாலும் ஹகரமாகும். பால் ஹாலு, புலி ஹுலி, போ என்பது ஹோகு. நம் வகரம் அங்கே பகரமாகும். கம்பு என்னும் சொல்லில் ஒலிக்கும் பகரம் அது. வந்த என்பது பந்த. வலம் என்பது பல. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு, “ஈ பஸ் மார்க்கெட்டிகெ ஹோகுத்தா?” என்பதைக் கேளுங்கள். ‘இந்தப் பஸ் மார்க்கெட்டுக்குப் போகுமா?’ என்பதன்றி வேறென்ன?

“எல்லி இளீபேகு?” என்றால் எங்கே இறங்கவேண்டும் என்று பொருள். இறங்குதலைப் பழந்தமிழ் ‘இழிதல்’ என்றது. நாம் கைவிட்ட பொருளில் அச்சொல்லைக் கன்னடத்தார் இன்றும் பஸ்ஸில் வழங்குகின்றனர்! “ஸ்டாப் பந்தாக ஹேளி” என்றால், நிறுத்தம் வந்தபோது சொல்லுங்கள் என்பதாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோழர்களிடம் செவிவழிக் கற்றவர் ‘ஹேளு’ என்றே பழகியிருப்பர். அது ‘சொல்’ என்னும் ஒருமை. கண்டக்டரிடமும் முதியோரிடமும் ‘ஹேளி’ என்றே கூறுதல் வேண்டும். உச்சரிப்புப் பிழையைப் பொறுப்பவர் மரியாதைப் பிழையைப் பொறுப்பதில்லை. நாமும் பொறுப்பதில்லை அன்றோ?

போர்ச்சுகீசிய மொழி வழங்கும் நாட்டிற்குச் சென்ற தமிழர் நிலையை எண்ணிப் பாருங்கள். லிஸ்பன் நகரில் பஸ்ஸுக்கு ‘ஆட்டோகாரு’ என்று பெயர். அதே மொழி பேசும் பிரேசிலிலோ ‘ஓனிபுஸ்’ என்பர். ஒரு நாட்டில் கற்றது மறு நாட்டில் உதவாது. ஆயினும் அவரும் முற்றிலும் திக்கற்றவரல்லர். ஜன்னலோர இடம் வேண்டுமெனில் ‘ஜனேலா’ என்றால் போதும். நம் ஜன்னல் அங்கிருந்து வந்ததே. சாவியும் மேசையும் அவ்வாறே. கடல் கடந்த மொழிக்கே இத்துணை உறவு உண்டெனில், அடுத்த வீட்டு மொழியைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

இனிக் கட்டணம். ‘எஷ்டு?’ என்றால் எவ்வளவு. ஐது, ஐந்து, ஹத்து, பத்து. ‘ஹத்து’ என்பதற்கு ஏறு என்ற பொருளும் உண்டு. படிக்கட்டருகே அச்சொல் கேட்டால் பணத்தைத் தேடாமல் ஏறிவிடுங்கள். ‘இப்பத்து’ என்பதில் மட்டும் கருத்தாயிருங்கள். பத்து என்று காதில் விழும். கண்டக்டர் கேட்பது இருபது.