அறை எடுத்துத் தங்கும் இளைஞரின் உறக்கம்



தாமலிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் பிறந்த பிள்ளைகளில் பலர் படிப்பு முடிந்த கையோடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குச் சென்று, நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்தோ, நிறுவனம் தரும் விடுதியிலோ தங்கிவிடுகின்றனர். அப்பகுதியிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வீட்டை விட்டு வந்து உறங்கும் இளையோர் இம்மாவட்டத்தில் எவ்வளவு பெருகிவிட்டனர் என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும். அவர்களுடைய சம்பளம் பற்றியும் மெஸ் சாப்பாடு பற்றியும் பலரும் விசாரிக்கிறார்கள். அவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்று விசாரிப்பவர் அரிது.

பிள்ளை ஒழுங்காகத் தூங்குவதில்லை என்றால் அதை அவனது சோம்பலாகவோ கைபேசிப் பித்தாகவோ மட்டும் கருதுவது ஊர் வழக்கம். இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. மனித உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழலும் ஓர் ஒழுங்கு உண்டு. உயிரியல் கடிகாரம் எனப்படும் இவ்வொழுங்கு மரபணு அளவில் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்தமைக்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடும் இயல்புடையது என்பதால், நாள்தோறும் புறத்திலிருந்து ஏதேனும் ஒன்று அதைத் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் தலையாயது காலை ஒளி.

ஒளி மட்டும்தான் அதைத் திருத்துமா என்ற வினாவுக்குத் தமிழ் மண்ணிலிருந்தே ஒரு விடை கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் தலைமையில் இயங்கிய ஆய்வாளர்கள், மதுரையை அடுத்த ஒரு குகையில் வாழ்ந்த வௌவால்களை ஆராய்ந்தனர். வெளிச்சமே எட்டாத குகையின் உட்பகுதியில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால், அந்தி எது, விடியல் எது என்று அறிய வழியில்லாத நிலையிலும், கூட்டம் வெளியே பறந்து போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒட்டியே தன் துடிப்பை அமைத்துக்கொண்டது; கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோதோ அதன் கடிகாரம் வெளியுலக நாளோடு ஒட்டாமல் தன்போக்கில் விலகிச் சென்றது. 1981இல் வெளியான இவ்வாய்வு, உடன் வாழும் உயிர்களின் நடமாட்டமும் கடிகாரத்தைத் திருத்தும் என்று காட்டியது. வௌவாலுக்குச் சொன்னதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிவிட முடியாதுதான். எனினும், சிந்திக்க இடம் தருகிறது.

ஊரில் இருந்தவரை ஒரு பிள்ளையின் உறக்கத்தை வீடே நடத்தியது. விடியற்காலையில் வாசல் தெளிக்கும் ஓசை, மாட்டைப் பிடித்துக் கட்டும் சத்தம், முதல் பேருந்தின் ஹாரன், இரவு ஒன்பதுக்கெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்லும் பாட்டி என்று எத்தனையோ குறிப்புகள் கேளாமலே கிடைத்தன. அறை எடுத்துத் தங்குபவர் இழப்பது இந்தக் குறிப்புகளை. அவற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இதனுடன் வயதின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. இருள் சூழ்ந்ததும் மூளையில் சுரந்து உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு, பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதை ஒட்டிய ஆண்டுகளிலும் பெரியவர்களைவிடப் பிந்தியே தொடங்குகிறது; கண்ணருகே ஒளிரும் திரை அதை மேலும் பிந்தச் செய்கிறது. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பொதுக் கருத்து. இரவு ஒரு மணிக்குக் கண்ணயர்ந்து, ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எழுபவருக்கு அதில் எவ்வளவு கிட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை நண்பகல்வரை படுத்துக் கடனை அடைக்க முயல்வோரின் கடிகாரம் மேலும் பின்தள்ளிப் போக, திங்கட்கிழமை காலை இன்னும் கடினமாகிறது.

எனவே படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தையே முதலில் கட்டிப்போட வேண்டும். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை மாற்றாமல், எழுந்ததும் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ வந்து வெயிலைக் காண்பது உடலுக்கு நாளின் தொடக்கத்தை அறிவிக்கும். தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன், விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்னும் பொருளின் வேலையைத் தடுக்கிறது. குடித்ததில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவதால், பகல் வேலை செய்வோர் மாலை நான்குக்குப் பிறகு டீக்கடைப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவரின் பாடு வேறு. காலை ஏழரைக்கு அறைக்கு வந்தால் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் குக்கர் வைத்திருப்பார், டியூப் லைட் எரியும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கும். உடலின் உள்வெப்பம் தணிந்தால்தான் உறக்கம் ஆழமாகும். ஆகவே குளித்துவிட்டு, சன்னலைத் தடித்த துணியால் மறைத்து, கண்ணையும் கட்டிக்கொண்டு படுப்பது ஆடம்பரம் அன்று. விடியற்காலை மூன்று முதல் ஆறு மணிவரை விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் என்பதால், இரவு வேலை முடித்தவர் பைக்கில் ஊர் திரும்புவதைக் காட்டிலும் பேருந்தில் திரும்புவதே உயிருக்குக் காவல். வாரத்துக்கு மூன்று இரவுகள் வீதம் மூன்று மாதங்கள் தூக்கம் வராமலே கழிந்தால் அது நோய். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாக மாத்திரை வாங்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாரந்தோறும் ஷிஃப்ட் மாற்றுவதை எந்த உடலும் எளிதில் ஏற்பதில்லை. கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரமே நகரக்கூடியது. மாற்றியே தீர வேண்டுமெனில் காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய வரிசையில் மாற்றுவது உடலுக்குக் குறைந்த துன்பம் தரும் என்பதை நிர்வாகங்கள் கருத வேண்டும். ஒரே அறையில் இருப்போர் ஷிஃப்ட் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றவர் விளக்கையும் ஒலிபெருக்கியையும் தவிர்ப்பதென்று பேசி முடிவு செய்துகொள்ளட்டும். பெற்றோரும், பகல் பதினொரு மணிக்குப் பிள்ளைக்குப் போன் போடுமுன், அந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.