புரதத் திரட்டுகளும் ஒளிரும் சாயங்களும்

அல்சைமர் நோயின் அடையாளத்தை மருத்துவ உலகம் முதன்முதலில் கண்டது இறந்தவர் ஒருவரின் மூளையில்தான். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், முன்னர் தாம் கவனித்து வந்த பெண்மணி ஒருவரின் மூளைத் திசுவுக்கு வெள்ளி உப்பினால் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தென்பட்டன. நோயாளி உயிருடன் இருக்கையில் அவற்றைக் காண வழியில்லை என்னும் நிலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது.

திட்டுகள் எதனால் ஆனவை? பெரும்பாலான புரதங்கள் உரிய வடிவில் மடிந்திருந்தால்தான் பணிபுரியும். சில புரதங்கள் வடிவம் பிறழ்ந்து, ஓலைச்சுவடியின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று இழைகளாகின்றன. அல்சைமர் நோயில் பீட்டா அமிலாய்டு, டௌ ஆகிய புரதங்களும் பார்க்கின்சன் நோயில் ஆல்பா சைநியூக்ளின் என்னும் புரதமும் இவ்வாறு திரளுகின்றன. இழையின் நெடுகிலும் மெல்லிய பள்ளங்கள் ஓடுகின்றன. சாயத்திற்கு இடம் தருபவை இப்பள்ளங்களே.

பருத்தித் துணிக்கெனப் பிறந்த காங்கோ சிவப்பு 1922இல் அமிலாய்டைக் காட்டும் சாயமாயிற்று. ஆயினும் அது ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் சிவப்பாகவே இருக்கும். மிகுந்த சாயத்தைக் கழுவி நீக்கியாக வேண்டும். 1959இல் வாசர், கல்லிங் என்போர் அறிமுகப்படுத்திய தயோஃபிளேவின்-டி இவ்வகையில் வேறானது. அதன் மூலக்கூறு, ஒற்றைப் பிணைப்பால் இணைந்த இரு பகுதிகளைக் கொண்டது. நீரில் அவை தடையின்றிச் சுழல்வதால், ஏற்ற ஒளியாற்றல் சுழற்சியிலேயே வீணாகிறது. இழையின் பள்ளத்தில் சிக்கியதும் சுழற்சி தடைப்படுகிறது. ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. ஏறத்தாழ 450 நானோமீட்டர் நீல ஒளியை ஏற்று, 482 நானோமீட்டர் அளவில் அது ஒளிர்கிறது. ஒட்டாத சாயம் இருண்டே கிடப்பதால் கழுவ வேண்டியதில்லை. கழுவுதல் எளிதல்லாத உயிருள்ள அணுவில் இப்பண்பு பெரும்பேறாகும்.

எனினும் உயிரணுவில் இச்சாயத்திற்கு இடர்ப்பாடுகள் உண்டு. நேர்மின்னேற்றம் கொண்ட இதனால் இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையை எளிதில் கடக்க இயலாது. நீல ஒளி திசுவில் ஆழ ஊடுருவாது. நெடுநேரம் பட்டால் அணுவுக்கே தீங்கு. ஆகவே, அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் செயற்படும் சாயங்கள் தேடப்படுகின்றன. பெங்களூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் இத்துறையில் ஆய்வு நடைபெறுகிறது.

தயோஃபிளேவின் மூலக்கூறிலிருந்து மின்னேற்றத்தை நீக்கிக் கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்து உருவானதே பிட்ஸ்பர்க் சேர்மம்-பி. மனிதரிடம் நிகழ்ந்த முதல் ஆய்வு 2004இல் வெளியாயிற்று. உயிருள்ளவர் மூளையில் திட்டுகள் தெரிந்தன. ஆனால் கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடமே. சைக்ளோட்ரான் அருகில் இல்லாத மருத்துவமனைக்கு இது எட்டாக்கனி. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதிநோய்க்கு ஆளாகியிருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்கள் அனைவருக்கும் இத்தகைய படம் எடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மலிவான ஒளிரும் சாயத்தின் பயன் ஆய்வுக்கூடத்திலேயே மிகுதி: திரட்சியைத் தடுக்கக்கூடிய மருந்துகளை அணுக்களில் வைத்துத் தேர்ந்தெடுக்க அது துணைபுரிகிறது.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இழையாகுமுன் தோன்றும் சிறு புரதக் கூட்டங்களே மிகுந்த நச்சுத்தன்மை உடையவை என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தயோஃபிளேவின் அவற்றில் மங்கலாகவே ஒளிரும். அடுத்து, சோதிக்கப்படும் மருந்தே பள்ளத்திலிருந்து சாயத்தை வெளியேற்றிவிடலாம். அப்போது ஒளி குறையும், திரட்டு குறைந்திராது. எனவே, ஒளி குறைந்தது கண்டு மருந்து பலித்தது என்று எழுதுமுன், மின்னணு நுண்ணோக்கியில் இழைகளை நேரே பார்த்துவிடுவது முறை.