பாலர் பாடசாலையும் பெற்றோரின் அமானிதமும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதர சகோதரிகளே!

பிள்ளைச் செல்வம் அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகும். எமது பிள்ளை மட்டுமன்றி, அதன் அருகில் அமர்ந்து படிக்கும் அயலவரின் பிள்ளையும், அப்பிள்ளையின் வீட்டில் தொட்டிலில் உறங்கும் கைக்குழந்தையும் அந்த அமானிதத்தில் அடங்குவர். இதனை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

களனி கங்கையின் வடகரையில் அமைந்துள்ள பேலியகொடையிலும், கங்கையின் தென்புறத்தே கொழும்பிலும் நெருக்கமான வீடுகளில் வாழும் எமக்கு, நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 2020 ஒக்டோபர் மாதத்தில் பேலியகொடை மீன்சந்தையில் கண்டறியப்பட்ட கொரோனா தொற்று, சில நாட்களுக்குள் நாட்டின் பல மாவட்டங்களுக்கும் பரவியதை நாம் கண்டோம். அதனினும் வேகமாகப் பரவும் நோய் ஒன்று உண்டு. அதுவே சின்னமுத்து. அரபு மருத்துவ நூல்கள் இதனை 'ஹஸ்பா' என்று அழைக்கின்றன. பெரியம்மை வேறு, சின்னமுத்து வேறு என்று பிரித்து விளக்கித் தனிநூல் எழுதியவர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸீ அவர்களாவார்.

சின்னமுத்து கண்ட பிள்ளை இருமிய காற்றில், அப்பிள்ளை அறையை விட்டுச் சென்ற பின்னரும் இரண்டு மணித்தியாலங்கள் வரை அக்கிருமி உயிருடன் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால், அவர்களுள் ஒன்பது பேரை அது பற்றிக்கொள்ளக்கூடும். உடலில் பருக்கள் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே அது பிறருக்குத் தொற்றும். அதாவது, "வெறும் தடிமன்தானே" என்று எண்ணிப் பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பும் அந்த நாட்களிலேயே நோய் பரவிவிடுகிறது. நிமோனியா, கடும் வயிற்றோட்டம், பார்வை இழப்பு, மூளை அழற்சி என்பன அதன் விளைவுகளுள் சிலவாகும்.

எமது நாட்டில் 1984 இல் சின்னமுத்துத் தடுப்பூசி அறிமுகமானது. 1999, 2000 ஆண்டுகளில் பெரும் பரவல் ஏற்பட்டதைத் தொடர்ந்து, 2001 முதல் இரண்டாம் தடவையும் தடுப்பூசி ஏற்றப்பட்டது. இம்முயற்சிகளின் பலனாக, 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடு என உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. ஆயினும் 2023 மே மாதம் முதல் அந்நோய் மீண்டும் தலைதூக்கியது. கொழும்பு, கம்பஹா உட்படப் பல மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். ஒன்பது மாதம் நிறைவடையாத, அதனால் இன்னும் தடுப்பூசி பெறாத கைக்குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். இதன் காரணமாகவே 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில், ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு விசேடமாகத் தடுப்பூசி ஏற்ற வேண்டிய நிலை உருவானது.

சகோதரரே, சகோதரியே! இங்கு சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். அக்குழந்தைகள் செய்த தவறு என்ன? அவர்கள் வீதிக்குச் செல்லவில்லை, சந்தைக்கும் செல்லவில்லை. நோய் அவர்களைத் தேடி வீட்டுக்கு வந்தது. மூத்த பிள்ளையின் கையைப் பிடித்து வரும் நோயிலிருந்து தொட்டில் பிள்ளையைக் காப்பது, சுற்றியுள்ளோர் அனைவரும் தடுப்பூசி பெற்றிருப்பதேயாகும்.

"தொற்றுநோய் என்று ஒன்றில்லை என ஹதீஸில் வந்துள்ளதே!" எனச் சிலர் கேட்பதுண்டு. அந்த ஹதீஸை அறிவித்த அபூஹுரைரா (ரழி) அவர்களே, நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு செல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியையும் அறிவித்துள்ளார்கள். இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல. நோய் தன் சுயசக்தியால் பரவுகிறது என்ற அறியாமைக் கால நம்பிக்கையையே முதலாவது செய்தி மறுக்கிறது. அல்லாஹ்வின் நாட்டப்படி காரணங்களின் ஊடாகத் தீங்கு வந்தடையும் என்பதால், அக்காரணங்களைத் தவிர்க்குமாறு இரண்டாவது செய்தி வழிகாட்டுகிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்களும் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இக்கருத்தையே நிலைநாட்டுகிறார்கள்.

ஹிஜ்ரி 18 இல் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் தோழர்களிடம் ஆலோசனை கேட்டுத் திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என அபூஉபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரழி) அவர்கள் விளக்கமளித்தார்கள். தடுப்பூசி ஏற்றுவதும் அத்தகையதே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கம் எங்கள் மார்க்கமாகும்.

தடுப்பூசிகள் சிலவற்றில் ஜெலட்டின் சேர்க்கப்படுவதை எண்ணித் தயங்குவோர் உள்ளனர். ஹலால், ஹராமைப் பேணும் அந்த உணர்வு மதிக்கத்தக்கது. மார்க்க அறிஞர்களும் மருத்துவர்களும் கூடி இதற்கு விடை கண்டுள்ளனர். 1995 இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பு நடத்திய கருத்தரங்கு, ஒரு பொருள் முற்றிலும் வேறொரு பொருளாக மாறிவிடும் 'இஸ்திஹாலா' என்னும் விதியின் அடிப்படையில் ஜெலட்டின் அனுமதிக்கப்பட்டது என முடிவு செய்தது. ஹஜ்ஜுக்குச் செல்லும் எமது பெற்றோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பெற்றே செல்கின்றனர். 1987 ஹஜ்ஜின்போது அந்நோய் பரவியதன் பின்னரே அது கட்டாயமாக்கப்பட்டது. தடுப்பூசியால் ஓட்டிசம் ஏற்படும் எனப் பரவிய செய்தியோ, 1998 இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து எழுந்ததாகும். அக்கட்டுரையை வெளியிட்ட மருத்துவ சஞ்சிகையே 2010 இல் அதனை மீளப்பெற்றுவிட்டது.

இன்னொரு தயக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டியுள்ளது. 2020 இல் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வேதனை எம் உள்ளங்களில் இன்றும் ஆறாத காயமாக இருக்கிறது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரிய பின்னரும், சுகாதாரத் துறையின் மீது சிலருக்கு நம்பிக்கை திரும்பவில்லை. அந்த வேதனை நியாயமானது. எனினும், அதன் சுமையைப் பச்சிளம் குழந்தையின் மீது ஏற்றுவது நியாயமாகாது. வீட்டுக்கு வரும் மருத்துவமாது அந்த முடிவை எடுத்தவரல்லர். வெயிலிலும் மழையிலும் படியேறி வந்து எமது பிள்ளையின் நிறையைப் பார்ப்பவர் அவர்.

அன்புடையீர்! இனி எமது கடமைகளைப் பார்ப்போம்.

முதலாவது, எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் தவறாது பெற்றுக்கொடுங்கள். மூன்று வயது என்பது பாலர் பாடசாலையின் வாயிலில் பிள்ளை கால் வைக்கும் பருவம். அனுமதிக்கு முன் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தவறியிருப்பின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை நாடுங்கள். அங்கு இது இலவசமாகவே ஏற்றப்படுகிறது.

இரண்டாவது, நோயுற்ற பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பனடோல் சிரப் கொடுத்துக் காய்ச்சலைத் தணித்துவிட்டு அனுப்புவது, ஆசிரியையை ஏமாற்றுவதாகும். வெள்ளைப்பூண்டு உண்டவர், அதன் வாடை பிறருக்குத் தொந்தரவாகும் என்பதால் மஸ்ஜிதை நெருங்க வேண்டாமெனத் தடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். வாடைக்கே இச்சட்டம் எனில் நோய்க்கு எப்படியிருக்கும்? சின்னமுத்தாயின் பருக்கள் தோன்றி நான்கு நாட்கள் கழியும் வரையும், கொப்புளிப்பானாயின் கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்காகும் வரையும் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். காய்ச்சலோடு பருக்கள் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, சுத்தம். கை, கால், வாய் நோயும் வயிற்றோட்டமும் பெரும்பாலும் கைகளாலேயே பரவுகின்றன. மலசலகூடம் சென்று வந்த பின்னரும் உண்ணும் முன்னரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பழக்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குவளையும் தனிக் கைக்குட்டையும் இருக்கட்டும். தும்மும்போது கையினாலோ ஆடையினாலோ முகத்தை மூடிக்கொள்வது நபிவழியாகும். இதனை ஸுன்னத்தாகவே கற்றுக்கொடுத்தால், பிள்ளை ஆயுள் முழுவதும் மறவாது.

நான்காவது, ஆசிரியைகளும் நிர்வாகிகளும் கவனிக்க வேண்டியது. யன்னல்களைத் திறந்து வையுங்கள். விளையாட்டுப் பொருட்களைக் கழுவுங்கள். ஒரு நாளேனும் வராமலிருக்காத பிள்ளைக்குப் பரிசளிக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்; காய்ச்சலோடு வர அதுவும் ஒரு காரணமாகிறது. பிள்ளையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் கண்ணியமாக அனுப்புங்கள். பைஅத் செய்ய வந்த ஸகீஃப் தூதுக்குழுவில் தொழுநோயாளர் ஒருவர் இருந்தார். அவரது பைஅத்தை ஏற்றுக்கொண்டதாகவும், அவர் திரும்பிச் செல்லலாம் எனவும் நபி (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அவரைத் தொலைவில் நிறுத்தினார்கள். ஆனால் அவரது மதிப்பைக் குறைக்கவில்லை.

இறுதியாக ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நாட்கூலிக்குச் செல்லும் தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தால் அன்றைய அடுப்பு எரியாது. "அனுப்பாதீர்கள்" என்று மிம்பரிலிருந்து கூறுவது எமக்கு எளிது. அந்த நாட்களில் அவ்வீட்டுக்கு உணவுப் பொதியும் சிறுதொகையும் ஸதகா நிதியிலிருந்து சென்றடைந்தால்தான் எமது உபதேசம் முழுமை பெறும். தடுப்பூசி வழங்கப்படும் கிளினிக் நாளை ஜும்ஆவின் பின் அறிவிப்பதற்கு ஒரு நிமிடமே போதும்.

பிறருக்குத் தீங்கிழைக்காதிருப்பது எமது மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அத்தீங்கு எமது பிள்ளையின் மூச்சுக்காற்றின் வழியே சென்றாலும் அது தீங்கே. இன்று வீடு சென்றதும் பிள்ளையின் பதிவேட்டைத் திறந்து, மூன்றாம் வயதுக்குரிய கட்டம் நிரப்பப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கும் அயலவர் பிள்ளைகளுக்கும் பூரண சுகத்தை அருள்வாயாக! நோயுற்றோருக்கு ஷிஃபா அளிப்பாயாக! எம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தைப் பேணுவோராக எம்மை ஆக்கியருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.